மார்கழியில் ஒரு கிளிமீன்

பிள்ளையாரோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. சிவபெருமானோடும் இல்லை. இரண்டு பேரும் இடைவெளி விடாமல் வருவதுதான் என் பிரச்சினை.

கார்த்திகை விளக்கீடு முடிந்த கையோடு பிள்ளையார் பெருங்கதை விரதம் தொடங்கும். இருபத்தொரு நாள். அது முடிகிற நேரம் பார்த்துத் திருவெம்பாவை வந்து நிற்கும். அது பத்து நாள். ஆக மொத்தம் ஒரு மாதம் எங்கள் குசினிக்குள் மீன் என்ற சொல்லே நுழையக்கூடாது. இவ்வளவும் எந்த வீட்டில் என்று நினைக்கிறீர்கள்? வெள்ளவத்தையில், கடற்கரை ஒழுங்கையில், மூன்றாம் மாடியில். பல்கனியில் நின்றால் ரெயில் பாதை, அதற்கு அப்பால் கடல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மீன். காலையில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு ஒருவன் "மாளு, மாளு" என்று கத்திக்கொண்டு போவான். மாளு என்றால் சிங்களத்தில் மீன். நான் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் முதுகைப் பார்த்தபடி நிற்பேன்.

என் மனைவி சுபோதினி விரதம் பிடிப்பதை நான் குறை சொல்லவில்லை. அவளுக்குப் பக்தி. எனக்குப் பசி. ஆனால் பக்தியோடு சேர்த்து ஆண்டவன் அவளுக்கு ஒரு மூக்கையும் கொடுத்திருக்கிறான். சுங்கத் திணைக்களத்தில் வேலை செய்ய வேண்டிய மூக்கு. போன வருடம் காலி வீதியில் ஒரேயொரு மீன் கட்லட் சாப்பிட்டேன். கையைத் தேசிக்காயால் தேய்த்தேன். வாயைக் கொப்பளித்தேன். ஏலக்காய் மென்றேன். கதவு திறந்தது.

"என்னப்பா, ஏலக்காய் வாசம் வருது."

"சும்மா மெண்டனான்."

"ஏலக்காய்க்குக் கீழ மீன் கட்லட்டும் வருது."

அன்றைக்கே சாமி அறைக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையாரைச் சாட்சி வைத்துச் சொன்னாள்.

"இன்னொருக்காப் பிடிபட்டியள் எண்டால் அடுத்த வருசம் நீங்களும் காப்புக் கட்டுறியள். இருபத்தொரு நாளும் ஒரு நேரச் சாப்பாடு."

ஒரு நேரச் சாப்பாடு. காப்புறுதிக் கம்பனியில் மற்றவர்களின் உயிருக்குப் பெறுமதி போடுகிற எனக்கு என் உயிரின் பெறுமதி அந்த நிமிடம் விளங்கியது. ஆகவே இந்த வருடம் பிடிபடுவதில்லை என்று தீர்மானித்தேன். சாப்பிடுவதில்லை என்று தீர்மானிக்கவில்லை. கவனியுங்கள், இரண்டும் வேறு.

வழி பல்கனியில் நிற்கும்போதே கிடைத்தது. காற்று கடலிலிருந்து வீசியது. காற்று முழுக்க மீன் வாசம். கடலுக்குப் போய்விட்டு வருகிறவனிடம் மீன் வாசம் வீசினால் யார் சந்தேகப்படுவார்கள்? வாசத்தை மறைக்கப் பார்த்ததுதான் என் பழைய பிழை. மறைக்கவே தேவையில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தால் போதும்.

முதலாம் மாடியில் சப்ரி இருக்கிறான். திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறான். கடல் அடங்குகிற மாதங்களில் விடியற்காலையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது அவனுடைய பைத்தியம். அவன் மனைவி ருக்கியா வைக்கிற மீன் ஆணம் என்னுடைய பைத்தியம். ஆணம் என்றால் அவர்கள் வீட்டுப் பேச்சில் குழம்பு. அந்த வாசம் படிக்கட்டில் ஏறி மூன்றாம் மாடி வரைக்கும் வந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

"மச்சான், நீங்க கடலுக்கு வாறீங்களா, ஆணத்துக்கு வாறீங்களா?" என்று சப்ரி கேட்டான்.

"கடலுக்கு. திரும்பி வாற வழியில ஆணம்."

"வீட்டுல தெரிஞ்சா?"

"தெரியாது. நீரும் ருக்கியாவும் வாய் திறக்காட்டில் சரி."

"நான் திறக்க மாட்டேன்," என்றான் சப்ரி. ருக்கியாவுக்காக அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அன்று இரவுச் சாப்பாட்டு நேரம் விஷயத்தைப் போட்டேன்.

"சுபோ, நாளையிலிருந்து நான் விடியக் கடலுக்குப் போகப் போறன்."

"என்னத்துக்கு?"

"மீன் பாக்க."

"பாக்கவோ?"

"பாக்கத்தான். டொக்டரும் உடம்பை அசைக்கச் சொன்னவர். சப்ரி கண்ணாடி தாறான்."

சுபோதினி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"நல்ல விசயம். ஆனா பாத்திட்டு வந்து எனக்கும் சொல்லோணும். நான் கடலை மேலால மட்டும்தானே பாத்தனான்."

முதல் நாள் நான் கடலுக்குள் இறங்கவேயில்லை. சப்ரி இறங்கினான். நான் ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் கருங்கல்லில் குந்தியிருந்து தலையில் நாலு கை உப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டேன். பிறகு ருக்கியாவின் மேசையில் பாணும் மீன் ஆணமும். சூரை மீன், தடித்த துண்டு. கண் கலங்கிவிட்டது. அப்படியே மாடிப்படி ஏறினேன். சுபோதினி கதவைத் திறந்து ஒரு முறை மூச்சை இழுத்தாள்.

"கடல் வாசம்," என்றாள்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"என்ன மீன் கண்டனீங்கள்?"

இதற்கு நான் ஆயத்தமாயிருக்கவில்லை.

"சூரை," என்றேன். வாயில் அதுதான் இருந்தது.

"கரையிலயோ? சூரை ஆழக் கடல் மீனெல்லோ."

"சின்னச் சூரை."

"என்ன நிறம்?"

"மீன் நிறம்."

"என்ன செய்துகொண்டு நிண்டது?"

"நீந்திக்கொண்டு நிண்டது."

சுபோதினி உச்சுக்கொட்டினாள். "நிறமும் தெரியாம என்னத்தைப் பாத்தனீங்கள்? நாளைக்கு வடிவாப் பாத்துக்கொண்டு வாங்கோ. நான் விடியவே கோயில்ல றஞ்சிதம் அக்காவுக்குச் சொல்லிப்போட்டன்."

"என்னெண்டு?"

"எங்கட இவர் கடலுக்கடியில ஆராய்ச்சி செய்யிறார் எண்டு."

றஞ்சிதம் அக்காவிடம் சொன்னால் கொள்ளுப்பிட்டி வரைக்கும் போய்விடும். இனித் தப்ப வழியில்லை. மறுநாள் மெய்யாகவே இறங்கினேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நெஞ்சளவு தண்ணீர். சப்ரி கார் டியூப் ஒன்றை என் கக்கத்துக்குள் மாட்டிவிட்டான். கண்ணாடியை முகத்தில் இறுக்கி, மூச்சுக் குழாயை வாயில் செருகினான்.

"முகத்தத் தண்ணிக்குள்ள வைங்க மச்சான். வேற ஒண்டும் செய்யத் தேவல்ல."

வைத்தேன்.

இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எத்தனையோ வருடமாக வெள்ளவத்தையில் இருக்கிறேன். இந்தக் கடலை நாளும் பொழுதும் பார்க்கிறேன். மாலையில் அதன் முன்னால் கச்சான் கடலை சாப்பிட்டிருக்கிறேன். தண்ணீருக்கு மேலே அது சாம்பல் நிறம். அவ்வளவுதான் கடல் என்று நினைத்திருந்தேன். ஒரு சாண் கீழே முகத்தை இறக்கினால் அங்கே இன்னொரு ஊர் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட சின்ன மீன்கள் கூட்டமாக என் கண்ணுக்கு நேரே வந்து நின்று என்னை வேடிக்கை பார்த்தன. வண்ணத்துப்பூச்சி மீன் இரண்டு, ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல், கல்லின் ஒவ்வொரு பொந்தாக எட்டிப் பார்த்துக்கொண்டு போயின. கல்லும் வெறும் கல்லில்லை. ஊதாவும் பச்சையும் தவிட்டு நிறமுமாகப் பவளப் பூச்சிகள் கட்டிய வீடுகள் அதன் மேல் அடுக்கடுக்காக இருந்தன. வெயில் கோடு கோடாக இறங்கி அவற்றின் மேல் ஆடியது. எனக்கு மூச்சு விட மறந்துபோனது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. கறுக், கறுக் என்று. யாரோ முறுக்குக் கடிக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். என் முழங்கை நீளத்தில் ஒரு மீன். உடம்பு பச்சையும் நீலமும். ஒவ்வொரு செதிளின் ஓரத்திலும் ரோசா நிறத்தில் ஒரு வரி. வாயில் கிளியின் மூக்கு. அந்த மூக்கால் கல்லைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. தின்றுவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி, ஒரு கண்ணால் என்னை ஆறுதலாகப் பார்த்தது. அதன் வாலில் ஓரிடத்தில் சின்ன வெட்டு இருந்தது. பயப்படவில்லை. ஓடவில்லை. இது என் வளவு, நீ யார் என்று கேட்கிற பார்வை.

தலைக்கு மேலே மாத்தறை ரெயில் போயிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. காலி வீதி முழுவதும் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்திருக்கும். அதுவும் கேட்கவில்லை. கறுக், கறுக் மட்டும்தான். சப்ரி என் தோளைத் தட்டியபோது என் விரல்கள் விறைத்து வெளுத்திருந்தன.

"கிளிமீன்," என்றான். "எப்பிடி?"

அன்று ஆணம் சாப்பிடாமலே மாடி ஏறினேன். பாதிப் படியில்தான் அது ஞாபகம் வந்தது. திரும்பி இறங்கவும் தோன்றவில்லை.

சுபோதினி விரதச் சமையலை அடுப்பில் விட்டுவிட்டு நாடியில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். நான் சொன்னேன், சொன்னேன், சொல்லிக்கொண்டேயிருந்தேன். என் வாயைப் பார்த்தபடி அவள் இவ்வளவு நேரம் இருந்தது கலியாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு நாளும் போனேன். வாலில் வெட்டுள்ளவருக்குப் பெரியவர் என்று பெயர் வைத்தேன். அவர் எந்தக் கல்லில் காலைச் சாப்பாட்டைத் தொடங்குவார், எந்தப் பொந்துக்குள் புகுந்து எதனால் வெளியே வருவார் என்றெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. அலுவலகத்தில் போனை எடுத்துக் கிளிமீனைப் பற்றி வாசித்தேன். வீட்டுக்கு வந்து ஒப்புவித்தேன்.

"சுபோ, அது கல்லைக் கடிச்சு, அதில இருக்கிற பாசியைத் திண்டு, மிச்சத்தைத் தொண்டைக்குள்ள இருக்கிற பல்லால அரைச்சு மாவாக்கிப் பின்னால விடுது. பவளப் பாறை இருக்கிற கரையெல்லாம் வெள்ளை மணல் இருக்கெல்லோ, அதில பெரும் பங்கு அதுதானாம்."

"எது?"

"கிளிமீன்ர கழிவு."

அவள் யோசித்தாள். "அப்ப நாங்கள் அதுக்கு மேல இருந்தோ கச்சான் சாப்பிட்டனாங்கள்?"

"இஞ்ச கொஞ்சமாத்தான் இருக்கும்."

"இனிப் பாய் கொண்டுபோவம்."

இன்னொரு நாள் அது நித்திரை கொள்ளுகிற விதத்தைச் சொன்னேன். சில கிளிமீன்கள் இரவானால் வாயிலிருந்து வழுவழுப்பாக ஒன்றை ஊதித் தங்களைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். மெல்லிய கூடு, கண்ணாடி மாதிரி. அதற்குள் கிடந்து உறங்கும். விடிந்தால் உடைத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு இரவும் புதுக் கூடு. சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கே மெய் சிலிர்த்தது.

"நுளம்பு வலை," என்றாள் சுபோதினி. "நாளும் தானே கட்டித் தானே கழட்டுது. இஞ்ச ஒராள் இருக்கிறார், கட்டின வலையை மடிச்சு வைக்கவும் மாட்டார்."

அவளுக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறொன்று. கிளிமீன் கூட்டத்துக்கு ஒரு ஆண்தான் தலைவர். அவர் இல்லாமல் போனால் இருக்கிற பெண்களில் பெரியவள் நிறம் மாறி, உடம்பு மாறி, தானே ஆணாகி அந்த இடத்தை எடுத்துவிடுவாள். ஆச்சரியத்தில் நான் குரலைத் தாழ்த்தி இதைச் சொன்னேன்.

"அப்பிடியோ," என்றாள். "மாற எவ்வளவு நாள் எடுக்கும்?"

"ரெண்டு மூண்டு கிழமை எண்டு நினைக்கிறன்."

"கெதிதான்," என்றாள்.

நீங்கள் கேட்பது விளங்குகிறது. இதற்கிடையில் ஆணம் என்ன ஆனது? சாப்பிட்டேன். மறைக்கவில்லை. காலையில் பெரியவரைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு, ருக்கியாவின் மேசையில் அறுக்குளாவைப் பதம் பார்த்தேன். அது கடலில் வேறெங்கோ பிடித்த மீன், எனக்கு அறிமுகமில்லாத மீன் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன். துண்டாக வெட்டி, மிளகாயில் முக்கி, தேங்காய்ப்பாலில் கிடக்கிற ஒன்றுக்கு முகம் கிடையாது. அதுதான் வசதி.

ஒரு நாள் காலை ருக்கியா பெரிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இன்டைக்கி விசேசம் அண்ணன். பேலியகொடை மீன் சந்தையில நல்ல மீன் ஈந்திச்சாம். முழுசாவே பொரிச்சன்."

பச்சை மங்கியிருந்தது. நீலமும் கறுத்திருந்தது. ஆனால் அந்த மூக்கு அதே மூக்கு. தட்டின் இந்த ஓரத்தில் தலை, அந்த ஓரத்தில் வால். பக்கவாட்டில் கிடந்து, ஒரு கண்ணால் என்னையே பார்த்தது.

முதலில் வாலைப் பார்த்தேன். வெட்டு இல்லை. பெரியவர் இல்லை. பெரியவரை அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் கண்டிருந்தேன், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் என் கை மேசையிலிருந்து எழும்பவில்லை. இதுவும் எங்கோ ஒரு கல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கும். எந்தக் கரையிலோ கையளவு மணல் இதன் உழைப்பாக இருக்கும். நேற்றிரவு இதற்கு ஒரு கூடு கட்ட வேண்டியிருந்திருக்கும்.

"சாப்பிடுங்க மச்சான், ஆறுது," என்றான் சப்ரி.

"என்னால ஏலாது."

"அப்ப அறுக்குளா கொஞ்சம் ஈக்கிது, கொண்டு வரட்டா?" என்றாள் ருக்கியா.

"அதுவும் வேண்டாம்."

அறுக்குளாவுக்கும் அன்றைக்கு முகம் வந்துவிட்டது. நான் எழும்பி வெறும் வயிற்றோடு மேலே போனேன். சுபோதினி வழமைபோலக் கேட்டாள்.

"இண்டைக்கு என்ன கண்டனீங்கள்?"

"கிளிமீன்."

"எங்க?"

நான் கதிரையில் இருந்தேன். பிறகு சொன்னேன்.

"சுபோ, நான் இனி மீன் சாப்பிடமாட்டன்."

"விரதம் முடியும் மட்டும் ஆருமே சாப்பிடுறேல்லைத்தானே."

"இல்லை. எண்டைக்கும்."

அவள் கையிலிருந்த அகப்பையை வைத்தாள். "யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறன். நீர் அந்தக் கண்ணைக் கண்டிருந்தால் உமக்கு விளங்கும்."

அவள் என் கையைப் பிடித்துச் சாமி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். விளக்கை ஏற்றினாள். கற்பூரம் கொளுத்தினாள். பிள்ளையாருக்கு முன்னால் அதே வார்த்தையைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அவள் கண்ணில் தண்ணீர். என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "உங்களுக்கு நல்ல மனசப்பா," என்றாள். கடலும் கோயிலும் ஒரே நாளில் என்னைப் பெரிய மனிதனாக்கிவிட்டன என்று எனக்கு ஒரே பெருமிதம்.

பெருங்கதை முடிந்தது. திருவெம்பாவை வந்தது, அதுவும் முடிந்தது. களியும் சாப்பிட்டாயிற்று. மறுநாள் சனிக்கிழமை. கடலிலிருந்து திரும்பி ஒழுங்கைக்குள் வந்தபோது மாளுக்காரனின் மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றது. அவனோடு சிங்களத்தில் பேரம் பேசிக்கொண்டு நின்றது சுபோதினி.

மத்தியானம் வீடு முழுக்க வாசம். பழப்புளி, வெந்தயம், கறிவேப்பிலை, அதற்குள் விளைமீன். யாழ்ப்பாணத்துக் குழம்பு. ஒரு மாதம் அடுப்பில் ஏறாத சட்டி தன் முழுப் பலத்தையும் காட்டியது. நான் மேசைக்கு வந்தேன். என் தட்டில் சோறு, பருப்பு, கீரை, கத்தரிக்காய்ப் பொரியல். அவள் தட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சட்டி.

வயிறு என்னைக் கேட்காமலே பேசத் தொடங்கியது.

"சுபோ, நான் யோசிச்சுப் பாத்தன். நான் சொன்னது கிளிமீனைப் பற்றித்தான். இது விளைமீன்."

"பிள்ளையாருக்கு முன்னால மீன் எண்டுதான் சொன்னியள். இன்ன மீன் எண்டு சொல்லேல்லை."

"மனசில கிளிமீனைத்தான் நினைச்சனான்."

"அறுக்குளாவும் வேண்டாம் எண்டு ருக்கியாவிட்டச் சொன்னியளாமே."

என் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது.

"ருக்கியா எப்பவாம் சொன்னவ?"

"எதை? அறுக்குளாவையோ, சூரையையோ? சூரையை முதல் நாளே சொல்லிப்போட்டா."

"எல்லாம் தெரிஞ்சுகொண்டோ என்னைக் கடலுக்கு விட்டனீர்?"

"விடாம? அண்டைக்கே பிடிச்சிருக்கலாம். பிடிச்சால் என்ன? அடுத்த வருசம் இருபத்தொரு நாள் காப்பு. அது முடியத் திரும்பவும் மீனெண்டு வந்து நிப்பியள்." சோற்றில் குழம்பை விட்டுக் குழைத்தபடியே சொன்னாள். "நீங்கள் வந்து கடலைப் பற்றிச் சொல்லேக்க உங்கட முகத்தைப் பாத்தன். இந்த மனுசனுக்கு ஒரு கிளிமீனை முழுசா, கண்ணோட காட்டினாக் காணும் எண்டு விளங்கிட்டுது. பொரிக்கச் சொல்லி ருக்கியாவிட்டச் சொன்னது நான்தான்."

ஒரு மாதம் நாளும் காலையில் ஓடி ஓடித் தண்ணீருக்குள் அதிசயம் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாடியில் இருந்ததைப் பார்க்கவில்லை. கோபம் வர வேண்டும். வரவில்லை. பெரியவரை முதன்முதல் கண்டபோது நின்றது போலவே வாயடைத்துப்போய் இருந்தேன்.

"ஏன் சுபோ? எனக்கு மீன் இல்லாமப் போறதில உமக்கு என்ன லாபம்?"

அவள் சட்டிக்குள் அகப்பையை விட்டு, ஆழத்தில் துழாவி, விளைமீன் தலையை முழுசாகத் தூக்கினாள். எங்கள் பக்கத்தில் மீன் தலை எப்போதும் வீட்டு ஆண்பிள்ளையின் தட்டுக்குத்தான். என் அப்பாவின் தட்டில் விழுந்தது, பிறகு என் தட்டில் விழுந்தது. யாருக்குப் பிடிக்கும் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. சுபோதினி அதைத் தன் தட்டின் நடுவில், பக்குவமாக, உடையாமல் வைத்தாள்.

"கலியாணம் கட்டின நாள் துடக்கம் இதை உங்களுக்கு எடுத்து வைச்சு, வாலைத் திண்டுகொண்டு இருக்கிறன்," என்றாள்.

பிறகு கன்னத்துச் சதையைப் பிரித்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். முகத்தில் அப்படியொரு சாந்தம். நான் மெல்ல, மிக மெல்ல, கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தேன்.

"அந்த வாலாவது?"

சுபோதினி கண்ணைத் திறக்கவில்லை.

"உங்கட மீன் கடலில நிக்குது. விடிய எழும்பிப் போய்ப் பாருங்கோ."